கொசுறு

இனியனின் முகத்துக்கு முதலில் வந்த விலை இருநூறு ரூபாய். அது காதில் விழாததுபோல் சங்கரலிங்கம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் விலை சொல்லப்படும்போது வேறெங்காவது பார்ப்பது அவர் குடும்பத்துப் பழக்கம்.

அவருடைய அப்பா பண்ருட்டியில் பலா மண்டித் தரகர். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து வாங்குகிறவன் கைமேல் போட்டு, அதற்கு அடியில் விரலைப் பிடித்தே ஒரு லாரிப் பழத்தைப் பேசி முடித்துவிடுவார். பக்கத்தில் நிற்பவனுக்கு இரண்டு பேர் நலம் விசாரிப்பதாகத்தான் தெரியும். முடிந்த பிறகு யாரையும் வெறுங்கையோடு அனுப்ப மாட்டார். மடியிலிருந்து ஒரு பிடி உடைசல் முந்திரியை எடுத்து எதிராளியின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அவரே மூடிவிடுவார். "சும்மா குடுக்கறேன்னு நெனைக்காத. அடுத்த சீசனுக்கு இப்பவே குடுத்து வெக்கிற அட்வான்ஸ்டா இது" என்று மகனிடம் சொல்வார். அந்தக் கொசுறுக்காகவே திண்டிவனத்திலிருந்து ஆள் வந்த காலம் உண்டு.

மகன் பழத்தை விட்டு பிளக்சுக்கு வந்துவிட்டார். நெய்வேலி டவுன்ஷிப் மெயின் பஜாரில் கடை. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று ஒரு மனிதனுக்கு வருவதிலிருந்து போவதுவரை எத்தனை பேனர் வேண்டுமோ அத்தனையும் சதுர அடிக் கணக்கில் கிடைக்கும். சுற்றுவட்டாரத்தில் பாதி ஜனத்தின் முகம் அவருடைய கம்ப்யூட்டரில் இருந்தது. ஒருமுறை அங்கே சிரித்தவன், செத்த பிறகும் அதே சிரிப்பைத்தான் சிரிக்க வேண்டும். புதுச் சிரிப்பு தேட யாருக்கு நேரம்?

அது இரண்டாயிரத்துப் பதினைந்து நவம்பர். வானம் பொத்துக்கொண்டு, கடலூர் மாவட்டத்தில் எது ஏரி எது ரோடு என்று தெரியாமல் கிடந்தது. பக்கத்து ஊரான வடக்குத்திலும் அதற்கு அப்பாலும் கம்பங்கள் சாய்ந்து கரண்ட் போயிருந்தது. டவுன்ஷிப்பில் மட்டும் போகவில்லை. அனல்மின் நிலையத்தை வாசலில் வைத்திருக்கிற ஊர் அல்லவா, பகலிலும் தெருவிளக்கை அணைக்க மறந்து எரியவிட்டிருந்தது. சுற்றுப்பட்டு கிராமத்து ஜனம் செத்துப்போன செல்போன்களை மடியில் கட்டிக்கொண்டு பஜாருக்கு வந்தது. மழையில் பேனருக்கு ஆளில்லை. சங்கரலிங்கம் பிளக்ஸ் மிஷினுக்குச் சாக்கைப் போர்த்திவிட்டு, நீள மேஜைமேல் பிளக் பாயிண்ட் பலகைகளை வரிசையாக வைத்தார். போன் ஒன்றுக்குப் பத்து ரூபாய்.

"கரண்ட்டு கம்பெனி குடுக்குது, காச நீங்க வாங்கிகினு இருக்கீங்க" என்றார் வடக்குத்து வைத்திலிங்கம். ரிட்டையர் ஆன பம்ப் ஆபரேட்டர். கடைக்குத் தினமும் வருவார், எதுவும் வாங்க மாட்டார்.

"பலாப்பழம் மரம் குடுக்குது. எங்கப்பா காசு வாங்கலியா?"

மேஜைமேல் முப்பது நாற்பது போன்கள் படுத்திருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி. மழை இருட்டோடு கடைக்குள் நுழைகிறவருக்கு, ஏதோ ஒரு பிராணி அத்தனை கண்ணாலும் தன்னையே பார்ப்பதுபோல் இருக்கும். சங்கரலிங்கத்துக்கு அந்தப் பிராணியைப் பிடித்திருந்தது. தீனி கேட்காமல் சம்பாதித்துக் கொடுக்கிற பிராணி என்று அப்போது அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அன்புக்கரசி வந்தது மழை சற்று வெறித்த ஒரு காலையில். புடவை முழங்கால்வரை சேறு. பால் கவருக்குள் சுற்றி வைத்திருந்த போனை எடுத்து நீட்டினாள்.

"அண்ணா, எங்கள ஞாபகம் இருக்குங்களா? வைகாசில எங்க கல்யாண பேனரு இங்கதான் போட்டாங்க. அவுரு பேரு இனியன். மைன்ஸ்ல காண்ட்ராக்ட்டு."

"இல்லாமயா? மாப்ள வாயெல்லாம் பல்லு. நீ மட்டும் சிரிக்கவே இல்ல. கம்ப்யூட்டர்ல சிரிக்க வெக்க முடியுமான்னு மாப்ளயோட கூட்டாளிங்க கேட்டாங்க. அதுக்குத் தனி சார்ஜுன்னேன், போய்ட்டாங்க."

அவள் உதட்டை மட்டும் அசைத்தாள். "சீக்கிரம் ஏறுமாங்க? ஒரு போனு வரும்."

யாரிடமிருந்து என்று சங்கரலிங்கம் கேட்கவில்லை. அவளே சொன்னாள். இனியனின் அம்மா தனம் சேத்தியாத்தோப்புக்கு அந்தாண்டை ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறாள். கூரை ஒழுகுகிறது என்று தகவல் வந்தது. முந்தாநாள் ஷிப்ட் முடித்து வந்தவன், வந்த காலோடு வண்டியைத் திருப்பிக்கொண்டு கிளம்பிவிட்டான். அதற்குப் பிறகு அவன் போன் எடுக்கவில்லை, இவள் போன் செத்துவிட்டது.

"அந்தப் பக்கம் டவரே படுத்துகினு கெடக்குதும்மா. தார்ப்பாயப் புடிச்சுகினு கூர மேல ஒக்காந்திருப்பாரு."

"அதாங்க நானும் நெனைக்கிறேன்." சொல்லிவிட்டும் அவள் நகரவில்லை. சார்ஜரின் ஒயரை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். "போவாதன்னு சொன்னேங்ணா. கேக்கல. கோவத்துல, அப்ப ஒங்க ஆத்தா வூட்டுலயே கெடன்னுட்டேன். தட்டுல போட்டு வெச்ச சோறு அப்படியே இருந்துது. துன்னாமயே போய்ட்டாரு."

இதை அவள் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டு ராத்திரி அதை ஒண்டியாகச் சுமந்திருக்கிறாள். எங்காவது இறக்கிவைக்க வேண்டும், இறக்கிவைக்க இந்தக் கடையின் மேஜைதான் முதலில் கிடைத்தது.

"இதெல்லாம் ஒரு சண்டையா? எங்க வூட்டுல இதுக்குப் பேரு காலை வணக்கம்" என்றார் சங்கரலிங்கம்.

இந்தமுறை அவள் நிஜமாகவே சிரித்துவிட்டாள். போனை விட்டுவிட்டு மெழுகுவத்தியும் பாலும் வாங்கிவரப் போனாள்.

அவள் அந்தப் பக்கம் போக, இந்தப் பக்கமிருந்து அறிவழகன் வந்தான். மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் கடை முழுக்கச் சொட்டியது. முன்பு மூலிகை ஷாம்பு விற்றவன், இப்போது பேஸ்புக்கில் 'நெய்வேலி நெருப்பு' என்று ஒரு பக்கம் நடத்துகிறான். அவன் போடுகிற வீடியோவைச் சென்னையிலிருந்து ஒரு டிவிக்காரர்கள் எடுத்துக்கொள்வதாகக் கேள்வி.

"அண்ணே, ஒரு மொகம் வேணும்" என்றான்.

போனில் வீடியோவைக் காட்டினான். சேத்தியாத்தோப்பு போகிற வழியில் ஒரு தரைப்பாலம். பாலத்தைக் காணோம், செம்மண் தண்ணீர்தான் ஓடியது. ஓரத்துத் தடுப்புக் கல்லில் ஒரு பைக் தலைகீழாகச் சிக்கிக்கொண்டு, அலை வரும்போதெல்லாம் சக்கரம் தானாகச் சுழன்றது.

"வண்டி நம்பர வெச்சு விசாரிச்சுட்டேன். வடக்குத்துல குடியிருக்கற பையன், இனியன்னு பேரு. கல்யாணமாயி ஆறு மாசந்தான் ஆவுது. பாடி இன்னும் கெடைக்கல. வண்டிய எத்தினி பேருண்ணே பாப்பான்? மொகம் இருந்தாத்தான் ஓடும். ஒங்க கம்ப்யூட்டர்ல இருக்கும்னு தெரியும். எரநூறு வெச்சுக்கங்க."

பெயரைக் கேட்டதும் சங்கரலிங்கம் திரும்பிப் பார்த்தது உண்மை. மேஜையில் அவளுடைய போன் சிவப்புப் புள்ளியோடு கிடந்தது. ஆனால் எதிரே ஒருவன் விலை சொல்லிக்கொண்டு நிற்கும்போது அவருக்குள் முதலில் எழுந்திருப்பது எப்போதும் பண்ருட்டி மண்டிதான். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"எரநூறுக்கு பாஸ்போர்ட்டு சைஸ்தான் வரும். அதுவும் ஒன்னுதுதான் எடுக்கணும்."

"முந்நூறு. சாவு சமாச்சாரம்ணே, தர்மத்துக்குக் குடுங்க."

"தர்மத்துக்குன்னா நீயும் தர்மத்துக்குப் போடு." தோள்துண்டை எடுத்து அவன் கைமேல் போட்டார். விளையாட்டுக்குத்தான் ஆரம்பித்தது. துண்டுக்கு அடியில் விரல்கள் ஒன்றையொன்று தேடிப் பிடித்தன, விட்டன, மறுபடி பிடித்தன. கடைசியில் ஐந்து விரலும் சேர்ந்து அவர் கைக்குள் வந்தது. ஐந்நூறு.

கல்யாணப் பேனரின் பைலைத் திறந்து மாப்பிள்ளையை மட்டும் வெட்டினார். முழங்கைக்கு மேல் வளையல் போட்ட ஒரு கை அவனைப் பிடித்திருந்தது, அதை எப்படி வெட்டினாலும் கொஞ்சம் மிஞ்சியது.

"கை வருதே" என்றார்.

"வரட்டும்ணே. பொண்டாட்டி கைன்னு பாத்தாலே தெரியுது. நல்லாருக்கு."

பணம் கல்லாவுக்குள் போனது. அறிவழகன் எழுந்து மழைக்கோட்டின் பித்தானைப் போட ஆரம்பித்தான். சங்கரலிங்கத்தின் கை தன்பாட்டுக்கு எதையோ தேடியது. பேரம் முடிந்தால் ஒரு பிடி வைக்க வேண்டும். பரம்பரைக் கை. முந்திரி இல்லை. இருந்ததை எடுத்து வைத்தது.

"பாவம்யா. வூட்டுல ஏதோ சின்ன சண்டையாம். ஒங்க ஆத்தா வூட்டுலயே கெடன்னு அந்தப் பொண்ணு சொல்லிருக்குது. சோறுகூட துன்னாம கெளம்பியிருக்கான்."

அறிவழகன் போட்ட பித்தானைக் கழற்றிவிட்டு மறுபடியும் உட்கார்ந்தான்.

"என்னா சொல்லிச்சுன்னு சொன்னீங்க? அந்த வார்த்தய அப்படியே ஒரு தபா சொல்லுங்கண்ணே."

கொசுறை யாரும் எடை போட்டுப் பார்ப்பதில்லை. எடை போடுகிறவனைக் கண்டால் அப்பா அப்போதே கையை மூடியிருப்பார். சங்கரலிங்கம் அப்படியே ஒருதரம் சொன்னார்.

அரைமணியில் அன்புக்கரசி மெழுகுவத்தியோடு வந்தாள். போன் பாதி ஏறியிருந்தது. பைக்கைப் பற்றி அவளிடம் சொல்ல வாயெடுத்தவர், போலீஸ்காரர் சொல்லட்டும், உறவுக்காரர் சொல்லட்டும், சுமந்து சொல்வதற்கு நாம் யார் என்று மூடிக்கொண்டார். அவள் ஈரமான பத்து ரூபாய் நோட்டை நீட்டினாள். வேண்டாம் என்றுதான் சொல்ல நினைத்தார். கை வாங்கிப் போட்டுக்கொண்டது.

மதியத்துக்குமேல் மேஜை அதிர ஆரம்பித்தது. ஆட்கள் வந்து தங்கள் போனை எடுத்து உயிர்கொடுக்க, ஒவ்வொரு போனிலும் முதலில் எழுந்து வந்தவன் இனியன்தான். பல் தெரியச் சிரித்துக்கொண்டு வந்தான். முழங்கையில் வளையல் கை. அதைச் சுற்றி அறிவழகன் சிவப்பு வட்டம் போட்டிருந்தான். மேலே கொட்டை எழுத்தில்: 'மனைவி சொன்ன ஒற்றை வார்த்தை... வெள்ளத்தில் பாய்ந்த புதுமாப்பிள்ளை?' கடைசியில் இருந்த கேள்விக்குறி போலீசுக்கு. மீதி முழுக்க ஜனத்துக்கு.

பார்த்தவர் யாரும் கேள்விக்குறியைப் பார்க்கவில்லை. கீழே எழுதியிருந்ததை ஒரு பால்காரர் கடையில் நின்றே உரக்கப் படித்தார். 'இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு வாய்தான் எமன்.' 'ஆழ்ந்த இரங்கல் நண்பா.' 'இவளைப் பிடித்து விசாரித்தால் இன்னொருத்தன் பேர் வரும்.' 'ஆமா, வரும்.' முகம் தெரியாத ஒருவன் ஐயப்பட்டான், முகம் தெரியாத இன்னொருவன் ஊர்ஜிதம் செய்துவிட்டான். நடுவில் யாரோ 'கெட' என்பதைச் 'செத்துப் போ' என்று திருத்தியிருந்தார்கள். அதற்குப் பிறகு அதுதான் ஓடியது.

எதிர்ச்சாரி டீக்கடையில் டிவி. செய்திக்கு நடுவே அதே முகம் பெரிதாக வந்தது. மூலையில், தான் மாப்பிள்ளைக்கு வைத்த மல்லிப்பூ பார்டரின் ஒரு துண்டு தெரிவதை சங்கரலிங்கம் பார்த்தார். 'நம்ம பார்டர் சென்னைவரைக்கும் போயிருச்சே' என்று ஒரு கணம் நெஞ்சு நிமிரத்தான் செய்தது. அடுத்த கணம் டிவியில் ஒரு பெண் புன்னகை மாறாமல் கேட்டாள்: "அந்த இரவு, அந்த அறையில், உண்மையில் நடந்தது என்ன?" கையிலிருந்த டீ கசந்தது.

சாயங்காலம் வைத்திலிங்கம் குடையை மடக்கியபடி வந்தார். வழக்கமாக ஏதாவது கிண்டலோடு நுழைகிறவர், அன்று நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு குடியிருக்கற சந்துல நுழைய முடியல. ரெண்டு கேமரா. கடைசியா என்னாம்மா சொன்னீங்க, கடைசியா என்னாம்மா சொன்னீங்கன்னு கேட்டுகினே இருக்கான். பையனோட பங்காளிங்க வேற வந்து வாசல்ல நின்னுகினு, எங்க புள்ளய என்னாடி பண்ணேன்னு கத்தறாங்க. வூட்டுக்காரம்மா காலையில வூட்ட காலி பண்ணுன்னுட்டாங்க." நிமிர்ந்து பார்த்தார். "நாலு செவுத்துக்குள்ள சொன்னது எப்படிய்யா வெளிய வந்துது?"

"காத்துக்குக் காது இருக்குது போல" என்றார் சங்கரலிங்கம். வாயில் வந்த நகைச்சுவைகளில் அவருக்கே அருவருப்பு தட்டிய முதல் நகைச்சுவை அது.

மறுநாள் காலை கடையைத் திறக்கும்போதே அவள் வாசலில் நின்றாள். அதே புடவை. மழையில் நனைந்துகொண்டுதான் நின்றாள், கூரைக்கு அடியில் ஒதுங்கவேண்டும் என்றே தோன்றாததுபோல்.

"அண்ணா, நான் ஒங்ககிட்ட மட்டுந்தாங்க சொன்னேன்."

அவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பூட்டைப் பார்த்தார். எத்தனையோ வாடிக்கையாளரின் எத்தனையோ புகாருக்கு நாக்கு நுனியில் பதில் வைத்திருந்தவர். கலர் மங்கினால் வெயில். எழுத்துப் பிழை என்றால் எழுதிக்கொடுத்தவன். இதற்கு வந்தது இவ்வளவுதான்:

"பேச்சுவாக்குல வந்துருச்சும்மா."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் பேரத்துக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். "எடுத்துரச் சொல்லுங்க" என்றாள். "அவுரு வந்தா பாப்பாருங்க. நம்ம வூட்டுப் பேச்ச நாலு பேருகிட்ட சொல்லிகினு திரிஞ்சிருக்கேன்னு நெனைப்பாரு. அது மட்டும் வேணாங்க."

அவன் வருவான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. ஊரே அவனுக்கு இரங்கல் எழுதி முடித்த பிறகு, அவன் வந்து பார்ப்பானே என்று ஒருத்தி பயந்துகொண்டிருந்தாள்.

அறிவழகனுக்குப் போன் செய்தார். அவன் பஜாரில்தான் இருந்தான், உடனே வந்தான். வந்தவன் கண் முதலில் அவள்மேல்தான் போனது. சங்கரலிங்கம் அவனை மேஜைக்கு அந்தப் பக்கம் இழுத்து, துண்டை எடுத்துக் கைமேல் போட்டார். ஐந்து விரலைப் பிடித்தார். அவன் சும்மா இருந்தான். இரண்டு தடவை ஐந்து விரலைப் பிடித்தார். நாலு தடவை. பிறகு எண்ணாமல் பிடித்துக்கொண்டே இருந்தார். துண்டுக்கு அடியில் அவன் கை செத்த மீன்மாதிரி கிடந்தது. ஒரு விரல்கூட மடங்கவில்லை, ஒரு விரல்கூட நீளவில்லை. விற்ற சரக்கைத் திரும்ப விலைக்குக் கேட்டால் வாங்கினவன் ஏற்றித்தான் சொல்வான், சொல்லாமலே இருப்பவனை அவர் பார்த்ததில்லை.

"சொல்லேன்யா ஒரு வெல."

"எங்கிட்ட இருந்தாத்தானேண்ணே சொல்றதுக்கு." அவன் கையை உருவிக்கொண்டான். குரலில் வருத்தம்கூட இருந்தது. "நான் அழிச்சா என் பக்கத்துல அழியும். நாப்பது பேரு எடுத்துப் போட்டுகினான். டிவியில ராத்திரிக்கு நாலு பேர ஒக்கார வெச்சுப் பேசப் போறாங்களாம். இனிமே அது யாருதுமில்ல." பிறகு அவள் பக்கம் திரும்பினான். "ஒண்ணு பண்ணலாங்க்கா. நீங்க ஒரு பேட்டி குடுங்க. ஒங்க பக்கத்து நியாயத்தயும் போட்டுருவோம். ரெண்டு நிமிஷம் போதும். அழுவ வந்தா அடக்காதீங்க, அது பாட்டுக்கு வரட்டும்."

அவன் பேசும்போதே போன் கையில் நிமிர்ந்துவிட்டிருந்தது. அதன் கண்ணாடிக் கண்ணை அன்புக்கரசி கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மேஜையிடம் போய், காலியாக இருந்த ஒரு ஒயரைத் தானே எடுத்துத் தன் போனில் செருகினாள்.

"ஏறட்டுங்க. வந்து வாங்கிக்கிறேன்."

"எங்கம்மா போற?"

"வண்டி கெடக்கற எடத்துக்கு. ஊர்ல எல்லாரும் பாத்துட்டாங்க. நாந்தான் இன்னும் பாக்கல."

"மழ புடிச்சுகினு வருது. இரு, யாரயாவது கூட அனுப்பறேன்."

அவள் பத்து ரூபாயை எடுத்தாள். அவர் இரண்டு கையாலும் வேண்டாம் என்று தள்ளினார். மடித்துப் போனுக்கு அடியில் வைத்துவிட்டு இறங்கி நடந்தாள். அறிவழகன் வாசல்வரை போய் அவள் முதுகைப் படம் பிடித்துக்கொண்டு வந்தான்.

அவள் போனதிலிருந்து அந்தப் போன் ஓயவில்லை. பெயரில்லாத எண்கள். யாரோ அவள் நம்பரையும் போட்டுவிட்டிருக்க வேண்டும். ஒருதரம், அவசரமாக இருக்குமோ என்று எடுத்தார். "புருஷன சாவடிச்சுட்டு ஒனக்குப் போனு ஒரு கேடாடி" என்று ஆரம்பித்தது ஓர் ஆண்குரல், நல்ல படித்த குரல். நடுநடுவே அந்தப் பக்கம் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற சத்தம் கேட்டது. சங்கரலிங்கம் முழுவதையும் கேட்டார். தனக்கு வந்த பார்சலை அடுத்தவர் பெயரில் அனுப்பிவிட்டு, அது உடைவதைப் பக்கத்தில் நின்று கேட்பதுபோல் இருந்தது. அதற்குப் பிறகு எடுக்கவில்லை. போன் மேஜைமேல் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்து, விளிம்புக்கு வந்து நின்றது.

மதியம் மறுபடி அடித்தது. விழுந்துவிடப் போகிறதே என்று பிடித்தவர், எடுத்துவிட்டார்.

"அன்பு? நாந்தான். கேக்குதா?"

காற்றும் தண்ணீருமாக ஓர் இரைச்சல். அதற்குள்ளிருந்து குரல் அவசரமாக வந்தது. "வண்டி போச்சு, போனு போச்சு. பாலத்துல கால வெச்சதும் இழுத்துருச்சு. வேலிக்காத்தான் பொதரு ஒண்ணு சிக்குச்சு, அத்தப் புடிச்சுகினேன். ஆடு மேய்க்கறவங்க தூக்கி அம்மா வூட்டுல போட்டாங்க. ரெண்டு நாளா ஜொரம், எந்திரிக்க முடியல. ஊரச் சுத்தித் தண்ணி, ஒரு போனும் வேல செய்யல. இப்பத்தான் ஒரு லாரிக்காரு போன வாங்கி அடிக்கிறேன். அன்பு? பேசு. இன்னும் கோவமா இருக்கியா? சோறு துன்னாம வந்துட்டேன்னுதான?"

சங்கரலிங்கம் போனை இன்னொரு காதுக்கு மாற்றினார். செத்தவனின் சிரிப்பை எத்தனையோ தடவை அச்சடித்திருக்கிறார். அவர்களில் ஒருவனும் திரும்பக் கூப்பிட்டதில்லை.

"நான் பிளக்ஸ் கடை சங்கரலிங்கம் பேசறேம்ப்பா. போனு இங்க சார்ஜ்ல கெடக்குது. அந்தப் பொண்ணு வெளிய போயிருக்குது."

"எங்கங்க?"

"ஒன்னத்தான் பாக்க" என்றார்.

தண்ணீர் வடிய இரண்டு நாள் ஆனது. தரைப்பாலத்தில் அவள் நின்ற வீடியோ அதற்குள் எல்லோரிடமும் வந்துவிட்டிருந்தது. சுற்றிலும் குடையும் போனுமாகக் கூட்டம். யாரோ கிசுகிசுக்கிறார்கள், 'அவதான்டா, அந்தப் பொண்ணுதான்.' அவள் திரும்பிக் கூட்டத்தை ஒருதரம் பார்க்கிறாள். முந்தானையைத் தலைக்குமேல் இழுத்துக்கொள்கிறாள். அந்த நேரம் மழை வலுத்து, எல்லோரும் தங்கள் போனைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு ஒதுங்க ஓடுகிறார்கள். அவளை இருபது பேர் படம் எடுத்திருந்தார்கள். அவள் எந்தப் பக்கம் போனாள் என்பதை ஒருவரும் எடுத்திருக்கவில்லை.

'இறந்தவர் உயிரோடு வந்தார்' என்று அறிவழகன் ஒன்று போட்டான். அது அவ்வளவாக ஓடவில்லை.

இனியன் டிராக்டரில் வந்து இறங்கினான். வைத்திலிங்கம் தோளைப் பிடித்து அழைத்துவந்தார். கன்னத்திலும் கையிலும் முள் கிழித்த கோடுகள். தன் அம்மா வீட்டிலும் அவள் இல்லை, போலீசில் எழுதிக் கொடுத்தாயிற்று, ஆஸ்பத்திரிகளில் பார்த்தாயிற்று என்று வைத்திலிங்கம்தான் சொன்னார். இனியன் ஒரே ஒரு வார்த்தை சொன்னான்.

"போஸ்டரு."

சங்கரலிங்கம் கம்ப்யூட்டரைத் திறந்தார். அதே கல்யாணப் பேனரின் பைல். இந்தமுறை பெண்ணை மட்டும் வெட்டினார். எப்படி வெட்டினாலும் மாலை போட்ட ஒரு தோள் கொஞ்சம் மிஞ்சியது.

"தோளு வருதே" என்றார்.

"இருக்கட்டுங்க. என் தோளுதான."

மேலே 'காணவில்லை' என்று வந்தது. அவள் சிரிக்காத படம்தான், ஆனால் அது ஒன்றுதான் இருந்தது. மிஷின் ஓட ஆரம்பித்ததும் இனியன் அதன் இரைச்சலுக்கு மேலே கேட்டான்.

"ஒண்ணுதாங்க எனக்குப் புரியல. அன்னிக்கு ரூம்புல நாங்க ரெண்டு பேருந்தான். அவ எதையும் யாருகிட்டயும் சொல்ற ஆளு கெடையாது. அம்மாகிட்டகூட சொல்ல மாட்டா. அத யாருங்க வெளிய சொல்லிருப்பா?"

வைத்திலிங்கம் எதிரே உட்கார்ந்து, சங்கரலிங்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சங்கரலிங்கம் மின்விசிறியைப் பார்த்தார்.

"தெரியலியேப்பா" என்றார்.

போஸ்டர் காய்ந்தது. அடுக்கிக் கட்டி, கூடவே அவளுடைய போனையும் எடுத்து வைத்தார். இனியன் சட்டைப்பைக்குள் கையை விட்டான்.

"எவ்ளோங்க ஆச்சு?"

"ஒண்ணும் வேணாம், எடுத்துகினு போப்பா."

"அப்டி வேணாங்க. அவளுக்குப் போடறது ஓசியா இருக்க வேணாம்." முந்நூறு ரூபாயை எண்ணி மேஜையில் வைத்தான். கட்டைத் தூக்கியவன் ஒரு கணம் நின்றான். "முடிஞ்சா கொசுறா ரெண்டு போஸ்டரு சேத்துக் குடுங்க. சேத்தியாத்தோப்பு பஸ் ஸ்டாண்டுல ஒட்டணும்."

அவர் இரண்டு எடுத்துக் கொடுத்தார். அவசரமாக உருவியதில் ஒன்று மடங்கிவிட்டது. அதை வாங்கித் தொடையில் வைத்து நீவிக்கொண்டே அவன் மழையில் இறங்கினான். வைத்திலிங்கம் சொல்லிக்கொள்ளாமல் பின்னால் போனார். மறுநாளிலிருந்து அவர் அந்த நாற்காலிக்கு வரவில்லை.

சங்கரலிங்கத்தின் சொந்தப் போன் அடித்தது. அறிவழகன்.

"அண்ணே, அந்தப் பொண்ணு மொகம் தனியா இருக்குமா? பேரமே வேணாம், ஆயிரமா வெச்சுக்கங்க."

சங்கரலிங்கம் போனைத் துண்டித்து மேஜையில் கவிழ்த்துவைத்தார். மற்ற போன்களின் சிவப்புப் புள்ளிகள் அவரையே பார்த்தன. கடையைச் சாத்துவதற்கு முன் கணக்கு முடிப்பது அப்பா காலத்துப் பழக்கம். நோட்டு தேவையில்லை, நெஞ்சுக்குள்ளேயே ஓடும்.

வரவு. அவள் கையில் கொடுத்த சார்ஜ் காசு, பத்து. போனுக்கு அடியில் வைத்துவிட்டுப் போனது, பத்து. அவன் முகம், ஐந்நூறு. அவள் முகம், முந்நூறு. ஆக எண்ணூற்று இருபது ரூபாய்.

பற்று. கொசுறு, ஒரு பிடி. விலை போடாமல் கொடுத்தது. எண்ணூற்று இருபதிலிருந்து எவ்வளவு கழிப்பது என்று தெரியாமல், கணக்கு அந்த இடத்தில் நிற்கிறது.